காவிரி டெல்டா நிருபர்கள் பயிற்சிப் பட்டறைகளுக்கு விண்ணப்பம் போடுவது எப்படி

பத்திரிகையாளர் பயிற்சிப் பட்டறை, கருத்தரங்கு, ஃபெல்லோஷிப் என்றாலே அதெல்லாம் சென்னைக்காரர்களுக்கும் டெல்லிக்காரர்களுக்கும்தான் என்று திருத்துறைப்பூண்டி டீக்கடையில் உட்கார்ந்து நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், நம் ஆட்கள் பலர் விண்ணப்பமே போடுவதில்லை, போடுகிறவர்களும் கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்குச் செல்போனில் தட்டி அனுப்புகிறோம். நானும் அப்படித்தான் இரண்டு முறை போட்டேன், இரண்டும் போயிற்று. மூன்றாவது கிடைத்தது. நடுவில் எதையெல்லாம் மாற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கே போடலாம் என்று பார்த்துவிடுவோம். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மாவட்ட நிருபர்களுக்கு 'வார்த்தாலாப்' என்ற பெயரில் பட்டறை நடத்துகிறது. அரசுத் திட்டங்களைப் பற்றிய பேச்சுதான் அதில் அதிகம், ஆனால் அதிகாரிகளோடு அறிமுகம் கிடைக்கும், அதற்காகவே போகலாம். சென்னை தரமணியில் இருக்கும் பிரஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா 1963-இல் தொடங்கியது, அவர்களும் பட்டறை நடத்துகிறார்கள். தண்ணீர், விவசாயம், கடற்கரை என்று எழுதுகிறவர்கள் டெல்லி சென்டர் ஃபார் சயின்ஸ் அண்ட் என்விரான்மென்ட், இன்டர்நியூஸின் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் இரண்டின் அறிவிப்புகளையும் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டெல்லாம் சில வருட அனுபவமும் நல்ல ஆங்கிலமும் கேட்கிற இடம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதுவரை எந்தப் பயிற்சிக்கும் போகாதவர் என்றால், அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பத்திரிகையாளர் பயிற்சி மையமான நைட் (Knight) சென்டர் இணையத்தில் நடத்தும் இலவச வகுப்பு ஒன்றை முதலில் முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் 'இதற்கு முன் பெற்ற பயிற்சி' என்ற கட்டம் காலியாகக் கிடக்காது.

இனி முக்கியமான இடம். 'இந்தப் பயிற்சி உங்களுக்கு ஏன் வேண்டும்?' என்று 300 சொல்லுக்குள் எழுதச் சொல்வார்கள். என் முதல் விண்ணப்பத்தில், சிறு வயதிலிருந்தே எழுத்தின் மீது ஆர்வம், சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தாகம், பருவநிலை மாற்றம் இன்றைய உலகின் பெரும் சவால் என்று எழுதியிருந்தேன். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், டெல்டாவில் இருப்பவர்தான் எழுத வேண்டும் என்றில்லை.

மூன்றாவது முறை இப்படி எழுதினேன். அக்டோபர் மழையில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலிலேயே நனைகிறது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி எடுக்க முடியாது, தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறது, குழு வந்து மாதிரி எடுத்துப் போகிறது, அதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. வருடா வருடம் இந்தச் செய்தியை நான் படத்தோடு அனுப்புகிறேன், வருடா வருடம் அதே செய்திதான். அறுவடை நேரத்து மழை உண்மையிலேயே கூடியிருக்கிறதா, இல்லை அறுவடைதான் தள்ளிப்போகிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் மழை அளவுத் தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12, ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலைக் கடைசி வரை திறக்கவில்லை. இந்தத் தேதிகளையும் மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் அந்தச் செய்தியை வேறு மாதிரி எழுதுவேன். அவ்வளவுதான் எழுதினேன்.

தெரியாததை ஒத்துக்கொண்டால் எடுக்க மாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். எல்லாம் தெரிந்தவனுக்கு எதற்குப் பயிற்சி? உங்களுக்குத் தெரியாத ஒன்று, அது தெரியாததால் எழுத முடியாமல் கிடக்கும் ஒரு செய்தி, இரண்டும் அந்த 300 சொல்லில் வந்துவிட வேண்டும். நாகப்பட்டினம்காரர் என்றால் மீன்பிடித் தடைக்காலம், வேதாரண்யம் என்றால் உப்பளம், 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன பிறகு தென்னை வைத்தவர்களின் நிலை. உங்கள் ஊரில் எது இருக்கிறதோ அது.

அப்புறம் கட்டிங், அதாவது பத்திரிகையில் வந்த உங்கள் செய்திகளின் நறுக்கு. தமிழில் வந்த செய்தியை அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். அறிவிப்பில் வேண்டாம் என்று சொல்லாதவரை தாராளமாக அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் மேலே ஐந்தாறு வரியில் ஆங்கிலச் சுருக்கம் வைத்தால் போதும். முழுச் செய்தியையும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு அப்படியே ஒட்டாதீர்கள், குறுவை, தாளடி என்ற நெல் பருவப் பெயர்களை அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் கைவராவிட்டால் ஊரில் ஒரு இங்கிலீஷ் வாத்தியாரிடம் காட்டுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். பேப்பரை மடித்து வைத்து போனில் எடுத்த கோணல் படம் வேண்டாம், ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, தேதியும் பதிப்பும் தெரிகிற மாதிரி வையுங்கள். நம் செய்திகள் பெரும்பாலும் பெயரில்லாமல் 'நமது நிருபர்' என்று வரும், அது உங்கள் செய்திதான் என்று ஆசிரியரின் கடிதத்தில் ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதம்தான் கழுத்தை அறுக்கும். பகுதிநேர நிருபருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, சிலருக்கு அடையாள அட்டையே கிடையாது, ஆனால் விண்ணப்பத்தில் நிறுவனத்தின் ஒப்புதல் கேட்பார்கள். என்னுடைய இரண்டாவது விண்ணப்பம் இதில்தான் போனது. நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையின் பீரோவில், அதாவது வட்டாரச் செய்தி அலுவலகத்தில் கேட்டால் தலைமை அலுவலகம் என்றார்கள், தலைமை அலுவலகத்தில் கேட்டால் பீரோ என்றார்கள், கடிதம் கைக்கு வந்தபோது தேதி முடிந்து நாலு நாள். ஆகவே அறிவிப்பைப் பார்த்த அன்றைக்கே கடிதத்தைக் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. கேட்கும்போது நீங்களே வரைவு எழுதி அனுப்பிவிடுங்கள், 'சார், இதில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்' என்றால் வேலை நடக்கும். எந்த நிறுவனத்திலும் இல்லாமல் தனியாக எழுதுகிறவர் என்றால் உங்கள் செய்தியை வெளியிட்ட இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை போதுமா என்று அமைப்பாளர்களுக்கே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பில்லை.

கடைசி தேதியில் ஒரு விஷயம். வெளிநாட்டு அறிவிப்பில் இரவு 11.59 ஜிஎம்டி என்று இருந்தால் நமக்கு அது மறுநாள் காலை 5.29. அதை நம்பி ராத்திரி முழுக்க உட்காராதீர்கள், மழைக்காலத்தில் கரண்ட் போனால் செல்போன் டவரும் சேர்ந்து படுத்துவிடும். இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். தேர்வுக்கு ஜூம் வழியாகப் பேசக் கூப்பிட்டாலும் இதே கதைதான், அன்றைக்கு இன்வெர்ட்டர் இருக்கிற நண்பர் வீட்டில் போய் உட்காருங்கள். பட்டறை நடக்கும் நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது ஐந்து நாள் ஊரில் இல்லை என்றால் எந்த டெஸ்க்கும் ஒத்துக்கொள்ளாது, பதிலுக்கு யார் செய்தி தருவார் என்று முன்பே பேசி வையுங்கள்.

தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டு, விருதும் சான்றிதழும் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். மேலே சொன்ன மாதிரி இடங்களில் வழக்கமாக இடம், சாப்பாடு அவர்கள் செலவு, பயணச் செலவையும் பல இடங்களில் தருகிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும்: டிக்கெட்டை அவர்களே எடுத்துத் தருகிறார்களா, நாம் எடுத்துவிட்டுப் பின்னால் வாங்க வேண்டுமா? டெல்லிக்குப் போய்வரும் காசைக் கையிலிருந்து போட்டுவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும். அதனால் தேர்வானதும் முதல் மெயிலிலேயே, டிக்கெட்டை நீங்களே எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கைக்குழந்தையோடு வர வேண்டிய பெண் நிருபர்கள் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், நாங்கள் போன பட்டறையில் ஒருவர் கேட்டார், தனி அறை கொடுத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வெளிநாட்டு அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தஞ்சாவூரிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது, போலீஸ் விசாரணைக்கு ஆகும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இப்போதே எடுத்து வையுங்கள். மன்னை எக்ஸ்பிரஸ் டிக்கெட், எழும்பூரிலிருந்து போன ஆட்டோ ரசீது வரை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள், ரசீது இல்லாத செலவுக்கு அவர்கள் காசு தர மாட்டார்கள்.