சேற்றுழவுக்கு மாடு பார்ப்பது எப்படி? நடையை வைத்து உம்பளச்சேரி மாட்டைக் கணிக்கும் முறை

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் எங்கள் நிலம். பள்ளத்து வயலில் தண்ணீர் கட்டிவிட்டால் டிராக்டரை இறக்க முடியாது. சேற்றுக்கென்று மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) போட்டாலும் புதைகிறது. அந்த வயல்களுக்காகவே ஒரு ஜோடி உம்பளச்சேரி மாடு பிடித்தோம். பிடிப்பதற்கு முன் ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதில் வேலைக்கு உதவியது எது என்பதை, முதன்முறை மாடு வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மூக்கு ஈரமாக இருக்கிறதா, சாணம் இறுகலாக இருக்கிறதா, அசை போடுகிறதா என்பதெல்லாம் மாடு வைத்திருக்கிற யாருக்கும் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஏன் உம்பளச்சேரி? நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் கடலோரச் சமவெளியில், சேற்று வயலில் இழுத்துப் பழகி வளர்ந்த இனம் இது. காங்கேயம் அளவுக்கு உயரமும் பருமனும் கிடையாது. சேற்றில் அதுவே வசதி: எடை குறைவு, கால் குட்டை, திரும்புவது சுலபம். கன்று செம்பழுப்பு நிறத்தில் பிறந்து, ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியிலும் கால்களிலும் வெள்ளை இருக்கும். கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் உண்டு என்பதால் 'மொட்டை மாடு' என்றும் சொல்வார்கள். இனத்தை நேரில் பார்த்துக் கண் பழக வேண்டுமென்றால் கொருக்கை அரசு கால்நடைப் பண்ணைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

படி 1: தூரத்தில் நின்று பாருங்கள்

கிட்டே போனால் திமிலும் நெற்றி வெள்ளையும்தான் கண்ணில் படும். பத்தடி தள்ளி, சமதரையில் மாட்டை நிற்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முதுகு நடுவில் குழியக் கூடாது. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சு நல்ல ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். மூச்சுக்கும் இதயத்துக்கும் அங்கேதான் இடம்.

அப்புறம் முன்னால் போய் நில்லுங்கள். தோளிலிருந்து குளம்பு வரை கால் நேராக இறங்குகிறதா? நிற்கும் மாட்டின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. முட்டி உள்ளே மடிந்தால் பாரம் ஒரு பக்கக் குளம்பிலேயே ஏறும். பின்னால் போய்ப் பின்னங்கால் மூட்டுகளைப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி முட்டி தட்டுகிற மாடு வண்டிக்கு ஒருவேளை ஆகும், சேற்றுக்கு வேண்டாம். அந்த மூட்டு பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அரிவாள் மாதிரி அதிகமாக வளைந்திருந்தாலும் வேண்டாம், கம்பு போல நேராக இருந்தாலும் வேண்டாம். நேரான காலில் அதிர்ச்சியை வாங்க எதுவும் இல்லை.

எடை தெரிய வேண்டுமா? தையல்காரர் டேப் போதும். அச்சடித்து விற்கும் எடை நாடாக்களை நான் நம்புவதில்லை. பெரிய கறவை இனங்களுக்காக அளவிட்டவை நம் நாட்டு மாட்டுக்குச் சரிவராது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 64, நீளம் 53 என்றால் ஏறக்குறைய 329 கிலோ. மாடு நாள் முழுக்கச் சிரமமில்லாமல் இழுக்கக்கூடிய விசை அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் இந்த மாட்டுக்கு 33 கிலோ.

படி 2: பல்

கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல், மொத்தம் எட்டு. இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் இரண்டு, இரண்டரை வயது. எட்டும் சேர்ந்திருந்தால் நாலு வயதைத் தாண்டியது. புதிதாகப் பழக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு பல், நாலு பல் மாடுதான் நல்லது. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

படி 3: குளம்பு

காலைத் தூக்கிப் பாருங்கள், தூக்க விடாத மாடாக இருந்தால் ஈரத்தரையில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். இரண்டு விரலும் ஒரே நீளமா, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா, நடுப்பிளவில் புண்ணோ நாற்றமோ இருக்கிறதா? சேற்றில் கால் ஊன்றும்போது இரண்டு விரலும் விரிந்து அகலமாகின்றன, தூக்கும்போது ஒடுங்குகின்றன. அதனால்தான் சேறு காலைப் பிடித்து இழுப்பது குறைகிறது. ஒரு விரல் கோணினால் இந்த வேலை பாதியாகிவிடும். நாள் கணக்கில் தண்ணீரில் நிற்கும் குளம்பு ஊறி மென்மையாகும் என்பதால், தொடக்கத்திலேயே குளம்பு இறுகலாக இருப்பது அவசியம்.

படி 4: நடை

எனக்குப் பிடிபட நாளானது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தார்க்குச்சியைக் கீழே போடச் சொல்லுங்கள். குத்துப்பட்ட மாடு துள்ளி வேகமாகப் போகும், வேகத்தில் நொண்டல் மறைந்துவிடும். மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையைத் தூக்கி நடத்தினாலும் இதே கதைதான். கயிற்றைத் தளர விட்டு, மாடு தன் போக்கில் நடக்க வேண்டும். விற்கிறவர் "சும்மா வுடுங்கண்ணே, தானா போகும்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைச் சுண்டுவார். நீங்களே வாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது மூன்று.

தலை. முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். பலர் தலை தாழும் பக்கம்தான் நோவு என்று நினைத்து நல்ல காலைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

முதுகு. நிற்கும்போது நேராக இருந்து, நடக்கும்போது மட்டும் மேல்நோக்கி வளைந்தால் காலில் வலி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நொண்டல் வெளியே தெரியுமுன் இது தெரியும்.

மூன்றாவது, தடம். வாய்க்கால் ஓரத்தில் லேசாக ஈரம் காய்ந்த மண் எங்கேயாவது இருக்கும். அங்கே மாட்டை நடத்திவிட்டு, மாட்டை மறந்துவிட்டு மண்ணைப் பாருங்கள். பின்னங்கால் தடம் அதே பக்க முன்னங்கால் தடத்தின்மேல் விழ வேண்டும், அல்லது சற்று முன்னே. எங்கள் வலத்து மாட்டின் தடத்தில் முன்குளம்பின் கூர்முனைகள் பின்குளம்பு அழுத்தத்தில் மூடிப்போய், ஒரே குளம்பு பதிந்தது மாதிரி இருந்தது. கூடவே பார்த்த இன்னொரு மாட்டுக்குப் பின்தடம் நாலு விரற்கடை பின்தங்கி, வெளிப்பக்கமாகவும் ஒதுங்கிக் கிடந்தது. பார்க்க அதுதான் அழகான மாடு. பின்தங்கினால் இடுப்போ மூட்டோ விறைப்பு, அல்லது வலி. ஒதுங்கினால் காலை வீசி நடக்கிறது. வயலில் அப்படி வீசுகிற கால் ஒவ்வொரு எட்டிலும் சேற்றைப் பக்கவாட்டில் தள்ளித்தான் வெளியே வரும். உழவுக்குப் போக வேண்டிய பலம் அதிலேயே போய்விடும்.

மைதான நடையோடு விடாதீர்கள். கணுக்கால் ஆழச் சேற்றில் இறக்கி, இரண்டு பக்கமும் திருப்பி, ஒரு வரப்பு ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்னாலிருந்து செல்போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டுக்கு வந்தும் பார்க்கலாம். அந்த இடத்தில் நாலு பேர் பேசுகிற பேச்சில் கண் சரியாக வேலை செய்யாது.

படி 5: நுகத்தில்

பழகிய மாட்டோடு பூட்டிப் பாருங்கள், புதியதையும் புதியதையும் சேர்த்துப் பூட்டினால் எது தப்பு செய்கிறது என்றே தெரியாது. சீராகச் சாய்ந்து இழுக்கிறதா, வெட்டி வெட்டி இழுக்கிறதா? ஜோடி மாட்டின்மேல் சாய்கிறதா? கழுத்தில் பழைய நுகப்புண் தழும்பு இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள், தோல் சிலிர்த்தால் இன்னும் ஆறவில்லை. மாட்டின் கழுத்தை நுகத்தோடு சேர்த்துக் கட்டும் பூட்டாங்கயிறு பருத்தியாக இருக்கட்டும். நைலான் கயிற்றை எங்கள் கொட்டகைக்குள்ளேயே விடுவதில்லை, வியர்வை பட்ட தோலை அறுத்துவிடும்.

கொஞ்ச நேரம் உழுத பிறகு நிழலில் கட்டி, விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நேரம் ஆக ஆக மூச்சு தணிந்துகொண்டே வர வேண்டும். தணியாமல் வாயைத் திறந்து நாக்கை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சுழி பற்றிக் கேட்பீர்கள். அந்தச் சுழி ஆகாது, இந்தச் சுழி ராசி என்று எங்கள் வீட்டிலும் பார்ப்பார்கள். பெரியவர்கள் மனசு நோக வேண்டாம் என்றால் பாருங்கள். ஆனால் மயிர்ச்சுழிக்கும் இழுவைக்கும் சம்பந்தம் கிடையாது. தடம் சரியாக விழுகிற மாட்டைச் சுழிக்காகக் கழித்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை

சந்தையில் ஈர மண்ணுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கெட்டித் தரையில் சாம்பலையோ தவிட்டையோ மெல்லிசாகத் தூவி, அதன்மேல் நடத்துங்கள், தடம் தெளிவாக விழும். சிமெண்டுத் தரையாக இருந்தால் குளம்பை நனைத்துவிட்டு நடத்தினாலே போதும், ஆனால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் உடனே படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொருவர், இரண்டு மாடும் தனித்தனியே நன்றாக நடக்கின்றன, ஜோடியாகப் பூட்டினால் ஒன்று பின்தங்குகிறது என்று எழுதியிருந்தார். இரண்டின் தடங்களையும் தனித்தனியே அளந்து பாருங்கள்: ஒரு முன்தடத்திலிருந்து அதே காலின் அடுத்த தடம் வரை. இந்த எட்டின் நீளம் இரண்டுக்கும் வித்தியாசப்பட்டால் நோவு எதுவும் இல்லை, ஜோடிதான் பொருந்தவில்லை. இடம் வலம் மாற்றிக் கட்டியும் சரியாகாவிட்டால், பின்தங்குவதை விற்காமல், அதன் எட்டுக்கு ஒத்த வேறு மாட்டைத் தேடுங்கள்.