தனியார் பணத்தை நம்பி ரயில் விடும்போது: தேம்ஸ் கரையில் நடந்த தவறுகள்

1987இல் கிழக்கு லண்டனின் பழைய கப்பல்துறைப் பகுதியில், ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் ஒன்று ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரே ஒரு வண்டிதான். 7 கோடியே 70 லட்சம் பவுண்டுக்குள் முடிக்கச் சொல்லிவிட்டதால், பெரும்பாலும் பழைய ரயில் மேம்பாலங்கள் மீதே பாதை போட்டார்கள். நடைமேடைகளின் நீளமும் அந்த ஒற்றை வண்டிக்குத்தான். கப்பல்கள் போய், கிடங்குகள் காலியாகிக் கிடந்த இடத்துக்கு இதுவே அதிகம் என்று தோன்றியிருக்கும்.

அதே ஆண்டு கனடாவின் ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் அங்கே கேனரி வார்ஃப் திட்டத்தைக் கையில் எடுத்தது. 50 மாடிக் கோபுரம், சுற்றிலும் அலுவலகங்கள். ரயில் திறந்த சூடு ஆறுவதற்குள் நடைமேடைகளை நீட்ட வேண்டியதாயிற்று. கரையில் என்ன எழும்பப்போகிறது என்று பார்க்காமல், கையில் இருக்கும் காசுக்கு ரயிலை அளந்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவுதான்.

இதைவிடப் பெரிய தவறு, வாக்குறுதியைப் பணமாக எண்ணுவது. அந்தக் குட்டி ரயில் போதாது, ஜூபிலி லைன் சுரங்க ரயிலை நீட்ட வேண்டும் என்றானதும், 40 கோடி பவுண்டு தருவதாக ஒலிம்பியா அண்ட் யார்க் சொன்னது. மொத்தமாக அல்ல, பல ஆண்டுத் தவணைகளில். ஆனால் சுரங்க ரயில் இல்லாத இடத்துக்குக் குடிவர நிறுவனங்கள் தயங்கின. வாடகை வராவிட்டால் கட்டியவரிடம் பணம் இருக்காது. அவரிடம் பணம் இல்லாவிட்டால் ரயில் வராது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். 1992 மே மாதம் நிறுவனம் நொடித்தது. பாதைக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. வேலை தொடங்க 1993 டிசம்பர் ஆனது. 1999இல் முடிந்தபோது செலவு சுமார் 350 கோடி பவுண்டு. பேசிய 40 கோடியை அப்படியே வைத்துப் பார்த்தாலும் எட்டில் ஒரு பங்கு வராது. மிச்சமெல்லாம் அரசு பணம். இதையும் 'தனியார் பங்களிப்பு' கணக்கில்தான் எழுதினார்கள்!

போதாததற்கு, கேனரி வார்ஃப் இருந்த பகுதிக்கு 1982 முதல் பத்தாண்டுக்கு உள்ளாட்சிச் சொத்து வரி விலக்கு. ரயிலால் நில மதிப்பு ஏறும், அதன் பலன் நில உரிமையாளருக்குப் போகும். ரயில் போட்டவருக்கு அதில் பங்கு கேட்க வழி வைக்கவில்லை. பிறகு லண்டனைக் குறுக்காகக் கடக்கப் போட்ட எலிசபெத் லைன் ரயில் பாதை விஷயத்தில் இதைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள். லண்டனின் பெரிய வணிகக் கட்டடங்கள் மீது 2010இலிருந்து கூடுதல் வரி. கேனரி வார்ஃப் நிலையத்தை அந்த வளாகத்தின் நிறுவனமே கட்டிக்கொடுத்தது, செலவில் 15 கோடி பவுண்டையும் தானே போட்டது.

ஒப்பந்தத்துக்குள் ஒளிந்திருக்கும் தவறு வேறு வகை. 2003இல் லண்டன் சுரங்க ரயிலின் பல தடங்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு, 30 ஆண்டு ஒப்பந்தத்தில் மெட்ரோநெட் நிறுவனத்துக்குப் போனது. அதன் பங்குதாரர்கள் ஐந்து நிறுவனங்கள். பெரும்பகுதி வேலையை எடுத்துச் செய்ததும் அவர்களேதான். வேலை கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள் என்றால் பில்லை யார் கேள்வி கேட்பது? கடன் கொடுத்த வங்கிகளும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அங்கீகரித்த கடனில் 95 சதவீதத்துக்கு அரசுத் தரப்பு உத்தரவாதம் இருந்தது. 2007இல் மெட்ரோநெட் விழுந்தது. கடனை அடைக்க அரசு 170 கோடி பவுண்டு கொடுத்தது. மக்கள் பணத்தில் நேரடி இழப்பு 17 கோடியிலிருந்து 41 கோடி பவுண்டு வரை இருக்கும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணித்தது. கடனுக்கு ஏறக்குறைய முழு உத்தரவாதம் கொடுத்துவிட்டு 'ரிஸ்க் தனியாருடையது' என்பது வெறும் பேச்சு. தரகருக்குக் கமிஷன் கொடுத்துவிட்டு அலைச்சலையும் நாமே பட்டது போல.

இந்தப் பாடங்களையெல்லாம் படித்துத்தான், தேம்ஸின் தென்கரையில் மூடிக் கிடந்த பேட்டர்சீ மின்நிலைய இடத்துக்கு வந்தார்கள். அங்கே முந்தைய உரிமையாளர் நிறுவனம் 2011இல் நொடித்திருந்தது. அடுத்த ஆண்டு ஒரு மலேசியக் கூட்டணி 40 கோடி பவுண்டுக்கு இடத்தை வாங்கியது. அதில் மலேசிய ஊழியர் சேமநிதியும் பங்குதாரர். அதாவது கிள்ளானிலும் ஈப்போவிலும் தமிழர்கள் சம்பளத்தில் பிடித்த காசும் தேம்ஸ் கரையில் இருக்கிறது. நார்தர்ன் லைன் சுரங்க ரயிலை அங்கே வரை நீட்ட லண்டன் பெருநகர நிர்வாகமே 100 கோடி பவுண்டு வரை கடன் வாங்கியது. கட்டுமான நிறுவனங்களின் கட்டணமும், அந்தப் பகுதியில் வணிக வரி உயர்வால் வரும் தொகையும் கடனை அடைக்கும். வாக்குறுதிக்காகக் காத்திருக்கவில்லை. ரயில் 2021 செப்டம்பரில் ஓடியது.

சரி, எல்லாம் ஒழுங்காக முடிந்ததா? செலவு கூடி லாபம் குறைகிறது என்று கட்டுமானத் தரப்பு சொன்னபோது, ரயிலுக்கான பணத்தில் கை வைக்கவில்லை. குறைந்த விலையிலும் வாடகையிலும் தருவதாகச் சொன்ன 636 வீடுகளில்தான் கை வைத்தார்கள். 2017இல் அது 386 ஆனது.