கால்களுக்கு முன்பே நின்றுவிடும் மனம்: நீண்ட தூர ஓட்டக்காரருக்குச் சில பயிற்சிகள்

முதன்முதலாக அரை மாரத்தான் ஓடியபோது, 16ஆவது கிலோமீட்டரில், கொக்கிரகுளத்தைத் தாண்டிச் சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறிய இடத்தில் நான் நடக்கத் தொடங்கினேன். கால் பிசகவில்லை, மூச்சு முட்டவில்லை, தாகம்கூடப் பெரிதாக இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் 5 கிலோமீட்டர் கிடக்கிறது, நினைத்த நேரத்துக்குள் முடிக்க இனி வழியில்லை என்று கணக்குப் போட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு வக்கீல் எழுந்து வாதாட ஆரம்பித்துவிட்டார்: நேரம்தான் போய்விட்டதே, இனி ஓடினால் என்ன, நடந்தால் என்ன? எதிர்த்தரப்பில் பேச ஆளில்லாததால் தீர்ப்பு ஒருதலையாக வந்தது. பாலத்தின் மறுமுனையை எட்டி, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி நடந்தபோதுதான், கால்களுக்கு இன்னும் ஓடத் தெம்பு இருக்கிறது என்பது உறைத்தது. அந்த எதிர்த்தரப்பு வக்கீலை ஓட்டத்துக்கு முன்பே நியமித்து வைப்பது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

களைப்பு முழுவதும் காலில் இருந்து வருவதில்லை. 2009இல் சாமுவேலே மார்கோராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கவனத்தைப் பிழியும் வேலையொன்றை 90 நிமிடம் கணினியில் செய்துவிட்டு மிதிவண்டிப் பயிற்சிக்கருவியில் ஏறியவர்கள், அந்த வேலையைச் செய்யாத நாளைவிட ஏறக்குறைய 15 சதவீதம் முன்னதாகவே கைவிட்டார்கள். இதயமும் தசைகளும் இரண்டு நாளும் ஒரேபோலத்தான் உழைத்தன. உழைப்பு கடினமாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் தொடக்கத்திலிருந்தே கூடுதலாக இருந்தது. ஆகவே, வெள்ளிக்கிழமை முழுவதும் அலுவலகத்தில் கணக்கு முடித்துவிட்டு, இரவில் வீட்டு வாடகைத் தகராறையும் பேசிவிட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் 18 கிலோமீட்டர் ஓட முடியவில்லை என்றால், அதற்காக உடம்பைத் திட்டக் கூடாது. அத்தகைய நாளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தூரத்தை மட்டும் முடியுங்கள். மாதம் ஒருமுறை வேண்டுமென்றே அப்படியொரு மாலையில் ஓடிப் பாருங்கள். கனத்த தலையோடு ஓடுவது எப்படியிருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்திருப்பது, போட்டி நாளில் பயத்தைப் பாதியாகக் குறைக்கும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் 30 கிலோமீட்டருக்குப் பிறகு பலரையும் தடுத்து நிறுத்தும் ஓட்டக்காரர்கள் ‘சுவர்’ என்று சொல்லும் திடீர்த் தளர்ச்சி மனமயக்கம் அன்று. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருந்த சர்க்கரை எரிபொருளான கிளைகோஜன் தீர்ந்துபோவதன் விளைவு அது. வெறும் வயிற்றோடு ஓடிவிட்டு மனவலிமை போதவில்லை என்று நொந்துகொள்வதில் பொருளில்லை. நீண்ட ஓட்டங்களில் கருப்பட்டி கரைத்த தண்ணீரை இடுப்புப் பட்டையில் வைத்துக்கொள்வது என் வழக்கம்; உடன்குடிக்காரர்கள் இதில் என்னோடு உடன்படுவார்கள்.

முதல் பயிற்சி, வழியைத் துண்டாக்குவது. இதைக் கற்றுக்கொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களைக் கவனியுங்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் பேருந்து நிறுத்தம்வரைகூட வேகமாக நடக்காதவர்கள். ஆனால் 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் அந்தத் தூரத்தை அவர்கள் ஒருபோதும் மொத்தமாக நினைப்பதில்லை. கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஊர்களாகவே நினைக்கிறார்கள்; அதிலும் களைத்தபின் ஊரைக்கூட மறந்துவிட்டு, அடுத்த தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று மட்டுமே கேட்கிறார்கள். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் அந்தப் பாதையில் ஒருமுறை இருசக்கர வாகனத்தில் போய்வந்து, பாதிக்குப் பிறகான பகுதிக்கு மட்டும் ஏழெட்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, ஒரு கால்வாய்ப் பாலம். முற்பாதிக்கு அடையாளம் எதுவும் தேவையில்லை, அங்கே மனம் தானாகவே ஓடும். துண்டுகள் போகப்போகச் சிறுக்க வேண்டும் என்பது முக்கியம். கடைசி 2 கிலோமீட்டருக்கு நான் மின்கம்பங்களை எண்ணுகிறேன்.

இரண்டாவது, பதிலை முன்கூட்டியே எழுதி வைப்பது. உள்ளே எழும் வாதங்கள் மொத்தத்தில் ஐந்தாறுக்கு மேல் இருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் அவையேதான் வருகின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் அந்த வாதத்தையும், வலப்பக்கம் அப்போது செய்யப்போகும் செயலையும் எழுதுங்கள். ‘விலாவில் குத்து வந்தால், வேகத்தைக் குறைத்து, பத்து மூச்சை நீளமாக வெளியே விடுவேன்.’ ‘பின்னால் வந்தவர் என்னைத் தாண்டிப் போனால், முப்பது காலடி வரை என் வேகத்தை மாற்ற மாட்டேன்.’ ‘நடக்கலாமே என்று தோன்றினால், அடுத்த அடையாளம்வரை ஓடிவிட்டு அங்கே போய் முடிவு செய்வேன்.’ வலப்பக்கத்தில் இருப்பது உறுதிமொழியாகவோ ஊக்க வாசகமாகவோ இருந்தால் பயனில்லை. கையாலோ காலாலோ மூச்சாலோ உடனே செய்யக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். களைத்த மனத்துக்கு யோசிக்கத் தெரியாது, சொன்னதைச் செய்ய மட்டுமே தெரியும்.

இதோடு ஒட்டியதுதான் தனக்குத்தானே பேசிக்கொள்வது. மிதிவண்டிப் பயிற்சிக்கருவியை மிதிக்கையில் சொல்லிக்கொள்ளும் சொற்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பழகியவர்கள், கைவிடும்வரையிலான நேரத்தை ஏறக்குறைய 18 சதவீதம் நீட்டித்ததாக 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சொல் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் உங்கள் வாயில் இயல்பாகப் புழங்கும் சொல்லாக இருக்கட்டும். நான் முதலில் கம்பீரமான செந்தமிழ்ச் சொற்றொடர் ஒன்றை வைத்திருந்தேன். 14 கிலோமீட்டருக்கு மேல் அது யாரோ மேடையில் பேசுவது போலிருந்தது. இப்போது இருப்பது, பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை ஓடவிட்ட பி.டி. சார் வேலியோரம் நின்று கத்திய வார்த்தைதான்: “ஏலே, மெதுவாப் போ, நிக்காத.” அதிலிருக்கும் உரிமையும் அதட்டலும் வேறெந்தச் சொல்லிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது பயிற்சியைப் பலரும் தவிர்க்கிறார்கள், ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். களைப்பு வரும்போது கவனத்தை வெளியே திருப்புவதா, உடம்புக்குள் திருப்புவதா என்ற கேள்வி பழையது. மார்கனும் பொல்லாக்கும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணி மாரத்தான் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் மூச்சையும் காலையும் இடைவிடாமல் கவனித்துக்கொண்டே ஓடுவதைக் கண்டார்கள். சாதாரண ஓட்டக்காரர்களோ வேறெதையாவது நினைத்து வலியை மறக்க முயன்றார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடுவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் வாரத்தில் ஓர் ஓட்டமாவது காதில் எதுவுமின்றி இருக்கட்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் நெற்றியிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்: புருவம் சுருங்கியிருக்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா, தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா, விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, பாதம் எவ்வளவு ஓசையோடு தரையைத் தொடுகிறது. இறுகிய இடத்தை மட்டும் தளர்த்திவிட்டு மேலே செல்லுங்கள். 2019இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்த எலியுட் கிப்சோகே, மிகக் கடினமான கட்டங்களில் வேண்டுமென்றே புன்னகைப்பவர் என்பது அனைவரும் அறிந்ததே. பல்லைக் கடிப்பதற்கு நேரெதிரான வித்தை அது.

களைப்பு கவனத்தை எந்த அளவுக்குக் குறுக்கிவிடும் என்பதற்கு நம் புதுக்கோட்டை லட்சுமணனின் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஓட்டத்தைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை. 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், முந்திச் செல்கையில் பாதம் கோட்டுக்கு உள்ளே பட்டதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றிருந்தார்.

நான்காவது, சிரமத்தைத் தேடிப் போவது. இதற்குத் திருநெல்வேலிச் சீமையைப் போல வசதியான இடம் அரிது. ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் போய், காற்றாலைகள் சுழலும் திசையைப் பார்த்து மேற்கு முகமாக 5 கிலோமீட்டர் ஓடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் உங்கள் வழக்கமான வேகம் கிடைக்காது. கிடைக்கவைக்க முயன்றால் இரண்டாம் கிலோமீட்டரிலேயே தீர்ந்துபோவீர்கள். அங்கே கற்க வேண்டியது, கடிகாரம் காட்டும் எண்ணைக் கைவிட்டு, உழைப்பின் அளவை மட்டும் சீராக வைத்திருப்பது. அலுப்பைப் பழகுவதற்கு வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தால் போதும், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கத்திரி வெயிலைமட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சூரியன் ஏறியபின் ஓடுவது வைராக்கியமாகாது. ஓடும்போது வியர்வை திடீரென்று நின்றாலோ, உடம்பு சில்லிட்டாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சில் அழுத்தமோ ஓரிடத்தில் கூர்மையான வலியோ தோன்றினாலோ, அந்த நிமிடமே நில்லுங்கள், உதவி கேளுங்கள். மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் இவற்றுக்குப் பொருந்தாது. பரவலான எரிச்சலும் கனமும் களைப்பின் மொழி. ஓரிடத்தில் குத்துவதும் நினைவு தடுமாறுவதும் ஆபத்தின் மொழி. இரண்டையும் பிரித்தறியத்தான் மூன்றாவது பயிற்சியை அவ்வளவு வலியுறுத்தினேன்.

கெட்டுப்போன ஓட்டத்தை அன்றைக்கே எழுதி வையுங்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் வாதம் தொடங்கியது, அப்போது என்ன சொல்லிற்று, அதற்குச் சற்று முன்பு நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற மூன்று வரி போதும். என் நோட்டில் இப்படிச் சேர்ந்த பதிவுகளை ஓராண்டு கழித்து ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அநேகமாக எல்லாமே 14க்கும் 17க்கும் இடையில் விழுந்திருந்தன. எல்லாவற்றிலும் அதற்கு முந்தைய செயல் ஒன்றுதான், கடிகாரத்தைப் பார்த்தது. அதிலிருந்து 13 முடிந்ததும் இடது மணிக்கட்டின் மேல் ஒரு பழைய கைக்குட்டையைச் சுற்றிக்கொள்கிறேன், 18ஆவது கிலோமீட்டர் பலகையைக் கண்ட பிறகே அவிழ்க்கிறேன்.