வாஷிங் மெஷின் ரிப்பேர்: எதற்கு எவ்வளவு ஆகும், எங்கே ஏமாறுவோம்

வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கே கம்பெனி சர்வீஸில் 400 முதல் 700 ரூபாய் வரை வாங்குகிறார்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஏரியா மெக்கானிக் 200, 300 ரூபாய்க்கு வருவார், வேலையை அவரிடமே கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வதும் உண்டு. இந்தக் காசே செலவழிக்கத் தேவையில்லாத கோளாறுகள் நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடலாம். கீழே வரும் விலைகளெல்லாம் தமிழ்நாட்டு நகரங்களில் சுமாராகக் கேட்கும் தொகை. மாடலைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

போன் போடும் முன்

தண்ணீர் ஏறவில்லை என்றால் எல்ஜி மெஷினில் 'ஐஇ', சாம்சங்கில் '4சி' என்று டிஸ்பிளேயில் வரும். குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்பக்கம் ஹோஸைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். ஹோஸ் மாட்டியிருந்த துளைக்குள் சின்ன சல்லடை ஒன்று தெரியும். அதன் நடுவில் இருக்கும் காம்பை மூக்குக் குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். போர் தண்ணீர் வீடுகளில் அதில் மண்ணும் பாசியும் அப்பியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் வேலை முடிந்தது.

சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? நீங்கள் மேல்மாடியில் இருந்து, தலைக்கு மேலேயே டேங்க் இருந்தால் குறை மெஷினில் இல்லை. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் பிரஷர் வேண்டும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குத்தான் 1 பார் கிடைக்கும். அப்படியானால் டேங்க் 3 முதல் 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்ன பிரஷர் பம்ப் வைப்பதுதான் வழி. இது தெரியாமல் தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வை மாற்றி 600, 900 என்று கொடுத்தவர்கள் பலர்.

தண்ணீர் வெளியேறவில்லை என்றால் எல்ஜியில் 'ஓஇ', சாம்சங்கில் '5சி'. ஃப்ரண்ட் லோடு மெஷினில் கீழே மூலையில் ஒரு சின்ன கதவு இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். தட்டை வைத்து, அங்கிருக்கும் சிறு குழாயின் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகு பெரிய மூடியை இடப்பக்கமாகத் திருகுங்கள். ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, பட்டன், குழந்தையின் சாக்ஸ், இவற்றில் ஏதாவது ஒன்று கிடைக்கும். அப்படியே டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் சின்ன விசிறி தெரியும். குச்சியால் தள்ளிப் பாருங்கள். விட்டு விட்டு, தடங்கலோடு சுற்றினால் நல்ல பம்ப்தான். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். லொடலொடவென்று ஆடினாலோ, அசையவே மறுத்தாலோ பம்ப் போய்விட்டது. பம்ப் 800 முதல் 1,500, மாற்றுக் கூலி 300 முதல் 500.

ஹோஸ் வைக்கும் உயரத்தையும் பாருங்கள். ஃப்ரண்ட் லோடில் கழிவு ஹோஸின் முனை தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் போட்டால் ஏறும் தண்ணீர் ஏறியபடியே வழிந்து போகும், மெஷின் நிரம்பவே நிரம்பாது. பம்ப் இல்லாத டாப் லோடில் நேர் எதிர். அங்கே வால்வு திறந்து தண்ணீர் தானாக இறங்குகிறது, ஆகவே ஹோஸ் தரையோடு படுத்திருக்க வேண்டும். சிங்க்கில் தூக்கிப் போட்டால் வடியாது.

எல்ஜியில் 'சி எல்' என்று காட்டினால் அது கோளாறே இல்லை, சைல்டு லாக். பூட்டுப் படம் போட்ட பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

டாப் லோடும் செமி ஆட்டோமேட்டிக்கும்

இரண்டிலும் செலவு குறைவு. மோட்டார் 'ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டப்புக்குள் அடியில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அடியில் துணி சிக்கியிருக்கும், அல்லது கியர் பாக்ஸ் பிடித்திருக்கும். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் மோட்டார் சுற்ற உதவும் கண்டன்சர்தான் போயிருக்கும். பொருள் 150 முதல் 300 ரூபாய். பழையதன் மேல் அச்சிட்ட எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) அளவு அப்படியே இருக்க வேண்டும், வோல்ட் எண் குறையக் கூடாது. கரண்டை நிறுத்திய பிறகும் கண்டன்சரில் ஷாக் தங்கியிருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

பிழியும்போது டாப் லோடின் டப் டமடமவென்று மெஷின் உடம்பில் இடித்தால் டப்பின் ஒரு மூலையைக் கையால் அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் டப்பைத் தாங்கும் நான்கு சஸ்பென்ஷன் கம்பிகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும், 1,000 முதல் 1,800. ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள், டப் சாய்ந்தேதான் நிற்கும்.

பேரிங்: தள்ளிப்போட்டால் கையைக் கடிக்கும்

ஃப்ரண்ட் லோடில் பிழியும்போது இரைச்சல் மாதாமாதம் கூடுகிறதென்றால் காலி டிரம்மைக் கையால் சுற்றிக் காது கொடுங்கள். கரகரவென்று கேட்கும். டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். டிரம்மும் வெளி டப்பும் சேர்ந்து அசைந்தால் அது ஸ்பிரிங்கின் ஆட்டம், கவலையில்லை. டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங்.

இதில் முதலில் சாவது பேரிங் அல்ல, அதன் முன்னால் இருக்கும் ஆயில் சீல். 150, 300 ரூபாய் ரப்பர் வளையம். அது தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், பிறகு துரு, பிறகு சத்தம். இந்தக் கட்டத்தில் கொடுத்தால் இரண்டு பேரிங்கும் சீலும் சேர்த்து 800 முதல் 1,500, கூலி 1,500 முதல் 2,500. கூலி அதிகம்தான், ஆனால் நியாயம். மெஷினை முழுக்கப் பிரித்து, டப்பை வெளியே எடுத்து, இரண்டாகப் பிளந்து, தட்டி எடுத்துப் போடும் அரை நாள் வேலை அது. பேரிங்கின் பக்கவாட்டில் 6205, 6206 போன்ற எண் இருக்கும். அதே எண் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், கம்பெனி ஸ்பேர்தான் வேண்டுமென்று இல்லை. சீல் மட்டும் அந்த மாடலுக்கு உரியதாக இருக்கட்டும்.

ஆறு மாதம் சத்தத்தோடே ஓட்டினால் டிரம்மின் பின்னால் இருக்கும் ஸ்பைடர் என்ற மூன்று கை அலுமினியத் தாங்கியின் தண்டு தேயும். அதற்குத் தனியாக 1,500 முதல் 3,000. பிரித்துப் போட்டிருக்கும்போதே இரண்டு இடத்தை நீங்களே பார்த்துவிடுங்கள். ஸ்பைடரின் கைகள் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கிறதா? சீல் உட்காரும் வளையத்தில் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருக்கிறதா? இருந்தால் புதுச் சீலும் சில மாதத்தில் ஒழுகும், கொடுத்த கூலி வீண்.

சில மாடல்களில் வெளி டப் ஒட்டவைத்த ஒரே துண்டு. பேரிங்கைத் தனியாக மாற்ற முடியாது, டப் முழுசாக 7,000-க்கு மேல் போகும். வேலை தொடங்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். 8 வருடம் தாண்டிய மெஷினுக்கு அந்தத் தொகையைக் கொட்டுவதைவிடப் புதிது வாங்குவது மேல். 4 வருட மெஷின் என்றால் போடலாம்.

போர்டு போயிடுச்சு என்றால்

மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுதான் அதிகம் ஏமாறும் இடம். புதுப் போர்டு 4,000 முதல் 10,000 வரை. மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'ஓடாத பாகத்துக்கு கரண்ட் வருதா?' உதாரணமாக பம்ப் ஓட வேண்டிய நேரத்தில் அதன் கனெக்டரில் மீட்டர் 230 வோல்ட் காட்டினால் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது, பம்ப்தான் கெட்டது. வோல்ட் வரவில்லை என்றால்தான் ஒயரையும் போர்டையும் சந்தேகப்பட வேண்டும். பாகங்களையும் மீட்டரிலேயே பார்த்துவிடலாம்: இன்லெட் வால்வு காயில் சுமார் 3 முதல் 5 கிலோ ஓம், 2,000 வாட் ஹீட்டர் 26 ஓம் பக்கம். மீட்டரே எடுக்காமல் போர்டு என்று சொல்பவருக்கு விசிட் சார்ஜைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

போர்டு நிஜமாகவே போயிருந்தாலும் ரிப்பேர் செய்பவர்கள் இருக்கிறார்கள், 1,000 முதல் 2,500. த்ரீ ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் பாய்ந்தால் பல போர்டுகளில் முதலில் பலியாவது ஃப்யூஸும், அதன் பக்கத்தில் அதிக வோல்ட்டிலிருந்து போர்டைக் காக்கும் வேரிஸ்டரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி கடைகளில் இரண்டும் சேர்ந்து நூறு ரூபாய்கூட ஆகாது. பல்லி ஏறிச் செத்து ஷார்ட் ஆவதும், எலி ஒயரைக் கடிப்பதும் போர்டு கணக்கில் எழுதப்படுகின்றன, அடிப்பக்கம் வலை அடித்தால் இரண்டும் நிற்கும். கண்ணாடி மாதிரி ரெசின் ஊற்றி மூடிய போர்டு என்றால் ரிப்பேர் கஷ்டம்.

வெந்நீர் சுற்று தொடங்கியதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிறதா? போர்டைத் தொடாதீர்கள், ஹீட்டரில் கரண்ட் லீக். 900 முதல் 1,800.

யாரைக் கூப்பிடுவது

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி முதலில் வருவதற்கு அடிக்காதீர்கள், கம்பெனி பெயரில் போலி நம்பர்கள் ஏராளம். வாரன்டி கார்டிலோ மெஷின் ஸ்டிக்கரிலோ இருப்பதுதான் சரி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பில்லில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

'மோட்டாருக்கு 10 வருட வாரன்டி' என்ற ஸ்டிக்கரைப் பெரிதாக நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டும். விசிட் சார்ஜும் கூலியும் உங்களுடையது, போர்டு அதில் வராது. மாற்றிய ஸ்பேருக்கு எத்தனை நாள் கேரன்டி என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள், 90 நாள் வழக்கம். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அதில் சேருமா என்று முதலில் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் சேராது. 1,500 முதல் 3,000 வரை ஆகும் டோர் காஸ்கெட்டும் (கதவைச் சுற்றிய வளையம்) ரப்பர்தான்.