போட்டோ மேல இருக்குற சீல், தேதி, புள்ளி, வாட்டர்மார்க்: எதை எப்படி எடுக்கிறது

வாட்டர்மார்க் ரிமூவர்னு ப்ளே ஸ்டோர்ல தேடுனீங்கன்னா ஆப் வரிசையா வந்து நிக்கும், எல்லாம் ஒரே வேலைதான் செய்யும், நீங்க விரலால தேய்ச்ச இடத்தை அழிச்சுட்டு பக்கத்துல இருக்குறதைப் பாத்து ஏதோ ஒண்ணை வரைஞ்சு வெச்சுடும். வானம், சுவரு, புல்தரை மேல இருந்தா சூப்பரா வரும். ஆனா வீட்டு பழைய போட்டோன்னு வரும்போது முக்காவாசி நேரம் அந்த சீலோ கீறலோ மூஞ்சி மேலதான் உக்காந்திருக்கும், அங்க ஆப் வரையுற மூக்கு உங்க தாத்தா மூக்கா இருக்காது. அதனால கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் பாருங்க: அந்தக் கறைக்கு அடியில படம் இன்னும் இருக்கா, இல்ல போயே போச்சா? இருந்தா அதை வெளிய எடுக்குற வேலை, இல்லன்னாதான் வரையுற வேலை. இது ரெண்டும் வேற வேற, நிறைய பேர் முதல் வேலையை செய்யவேண்டிய இடத்துல ரெண்டாவதை செஞ்சு படத்தைக் கெடுத்துடுறாங்க.

சாஃப்ட்வேருக்கு காசு எதுவும் வேண்டாம், கிம்ப்னு ஒரு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் போதும், ஃப்ரீதான், பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். போட்டோஷாப் வெச்சிருக்கவங்க அதுலயே பண்ணுங்க, டூல் பேரு கொஞ்சம் மாறும் அவ்ளோதான்.

முதல்ல நல்ல ஃபைல் வேணும். சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோவை வெச்சு ஆரம்பிக்காதீங்க, அது ஏற்கனவே சுருங்கி நசுங்கி வந்திருக்கும், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, முடிஞ்சா ஒரிஜினலையே வாங்கி ஸ்கேன் பண்ணுங்க. ஜேபெக் ஃபைல் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு சுருக்கும், அதனால எந்த எழுத்து, கோடு இருந்தாலும் அதை சுத்தி லேசா ஒரு அழுக்கு பரவியிருக்கும், நீங்க எழுத்தை மட்டும் எடுத்தா அந்த அழுக்கு பேய் மாதிரி அங்கேயே நிக்கும். ஸ்கேன் பண்ணும்போது கலர்லதான் பண்ணணும், படம் கருப்பு வெள்ளையா இருந்தாலும் கலர்ல, ஏன்னு கீழ சொல்றேன், தரம் குறையாத டிஃப் இல்ல பிஎன்ஜி ஃபைலா சேவ் பண்ணுங்க. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர்தான், அதை 1200 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 1200 புள்ளின்னு, ஸ்கேன் பண்ணா சுமார் 1650க்கு 2125 பிக்சல் கிடைக்கும், 300 டிபிஐல பிரிண்ட் போட்டா அஞ்சரைக்கு ஏழு இன்ச் வரும், சின்னதா ஃப்ரேம் போட்டு மாட்ட போதும்.

இப்ப சீலுக்கு வருவோம். நம்ம ஊர்ல நிறைய வீட்ல இருக்குற பிரச்சனை இது, தாத்தாவோட ஒரே போட்டோ ஏதோ ஒரு அப்ளிகேஷன்ல ஒட்டினது, அதுல பாதி மூஞ்சி மேல வயலட் ரப்பர் ஸ்டாம்ப், பத்தாததுக்கு கெஸட்டட் ஆபீசர் பச்சை மையில குறுக்கால ஒரு கையெழுத்து. பாக்க பயமா இருக்கும் ஆனா உண்மையில இதுதான் இருக்குறதுலயே ஈஸி, ஏன்னா மை கண்ணாடி மாதிரி, அடியில படம் பத்திரமா இருக்கு. கலர் ஸ்கேன்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனல் இருக்கும், மையோட கலரும் சேனலோட கலரும் எங்க ஒத்துப்போகுதோ அங்க மை வெளுத்துப்போயிடும். கிம்ப்ல கலர்ஸ் மெனு, காம்போனன்ட்ஸ், டீகம்போஸ், அதுல ஆர்ஜிபி குடுங்க, மூணு கருப்பு வெள்ளை லேயரா, அதாவது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின படமா, பிரிஞ்சு வரும். ஒவ்வொண்ணா கண் ஐகானை அணைச்சு பாருங்க. வயலட், நீல மை நீல சேனல்ல ரொம்ப லேசா தெரியும், அதே மை பச்சை சேனல்ல கருகருன்னு நிக்கும். பச்சைக் கையெழுத்து பச்சை சேனல்ல மங்கும், சிவப்பு மை சிவப்புல.

ஆனா நீல சேனலை மட்டும் எடுத்து முழுப் படமா வெச்சுக்காதீங்க, பழைய பேப்பர் மஞ்சளாயிருக்கும், அந்த மஞ்சக் கறை எல்லாம் நீலத்துலதான் அடர்த்தியா விழும், புள்ளி புள்ளியா நாய்ஸும் அதுலதான் ஜாஸ்தி. சிவப்பு சேனலை அடியில வைங்க, அதுதான் பெரும்பாலும் சுத்தமா இருக்கும். நீலத்தை அதுக்கு மேல வெச்சு லேயர் மாஸ்க் (லேயர்ல எந்த இடம் தெரியணும், எது மறையணும்னு சொல்ற திரை) கருப்பா போடுங்க, இப்ப நீலம் மொத்தமா மறைஞ்சிடும், அப்புறம் வெள்ளை பிரஷ்ஷால ஸ்டாம்ப் இருக்குற இடத்துல மட்டும் மெதுவா தேய்ங்க. தேய்ச்ச இடம் கொஞ்சம் இருட்டா தெரிஞ்சா நீல லேயருக்கு கர்வ்ஸ்னு இருக்குற வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற டூலைப் போட்டு பக்கத்து தோலோட வெளிச்சத்துக்கு கொண்டு வாங்க. கையெழுத்துக்கும் இதே கதை, பச்சை லேயருக்கு தனி மாஸ்க். ஸ்டாம்ப் விளிம்புல மை திக்கா தேங்கின இடம் மட்டும் கோடா மிஞ்சும், அதை ஹீல் டூல்ல (பக்கத்து நல்ல இடத்தை வெச்சு கறையை மூடுறது, கீழ சொல்றேன்) முடிச்சுடலாம். கடைசியா இமேஜ் மோடை ஆர்ஜிபிக்கு மாத்தி லேசா செபியா குடுத்தா பழைய நிறம் திரும்ப வந்துடும். கருப்பு வெள்ளை போட்டோங்கறதாலதான் இது நடக்குது, மூணு சேனல்லயும் கிட்டத்தட்ட ஒரே படம்தான் இருக்கு. கலர் போட்டோல இந்த அளவுக்கு வராது. அப்புறம், சீல் எடுத்த போட்டோ சுவத்துல மாட்டத்தான், சர்டிஃபிகேட்ல இருக்குற சீலை எடுத்துட்டு வேற எங்கயாவது சமர்ப்பிச்சா அது ஃபோர்ஜரி, அது வேற டிபார்ட்மென்ட்.

அடுத்து மூலையில ஆரஞ்சு கலர்ல வர்ற தேதி. ஃபிலிம் கேமரா காலத்துல இது பிரிண்ட் போடும்போது வந்ததில்ல, கேமராவே ஃபிலிம் மேல சின்ன லைட்டால எழுதினது, அதனால நெகட்டிவ் தேடி எடுத்தாலும் அதுலயும் இருக்கும், வீணா பரண் மேல ஏறாதீங்க. இதுல அடியில இருந்த படம் பெரும்பாலும் போச்சு. இருட்டான இடத்து மேல, அதாவது கருப்பு பேண்ட், நிழல் மேல விழுந்திருந்தா நீல சேனல்ல ஓரளவு தப்பிச்சிருக்கும், வெள்ளை வேட்டி மேல விழுந்திருந்தா அதுவும் இல்ல. என்னைக் கேட்டா முதல்ல க்ராப் பண்ணி பாருங்க, பாதி போட்டோவுக்கு அதுவே போதும். இல்லன்னா ஹீல். ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தேதியை ஃபைல் பேருல எழுதி வைங்க, பின்னாடி எந்தப் பொங்கல், யாரு காதுகுத்துன்னு வீட்ல சண்டை வரும்போது அது ஒண்ணுதான் சாட்சி. டிஜிட்டல் கேமராவா இருந்தா தேதி எக்ஸிஃப்ல, அதாவது ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருக்குற தகவல்ல, தனியா இருக்கும், கவலை இல்ல, செட்டிங்ஸ்ல டேட் ஸ்டாம்ப்பை ஆஃப் பண்ணிடுங்க.

இப்ப கொஞ்சம் கஷ்டமானது. 1970, 80கள்ல ஸ்டூடியோக்காரங்க சொரசொரப்பான பேப்பர்ல பிரிண்ட் போட்டுத் தருவாங்க, சில்க், தேன்கூடுன்னு டிசைன் இருக்கும், கையில வெச்சுப் பாத்தா அழகு, ஸ்கேன் பண்ணா படம் முழுக்க கொசுவலை. இதை ப்ளர் பண்ணி எடுக்கலாம்னு போனா மூஞ்சியும் சேந்து போயிடும். முதல் வைத்தியம் ஸ்கேனர்லயே இருக்கு. சாதா ஸ்கேனர்ல லைட் ஒரு பக்கத்துல இருந்துதான் அடிக்கும், அதனால ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் பளபளப்பு, இன்னொரு பக்கம் நிழல். ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டு போட்டோவை 180 டிகிரி திருப்பி வெச்சு இன்னொரு தடவை பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல ரெண்டாவதை நேராக்கி முதல் படத்து மேல கரெக்டா பொருத்தி ஒபாசிட்டி (மேல் படம் எவ்ளோ அழுத்தமா தெரியணும்ங்கற அளவு) 50 வைங்க, நிழலும் பளபளப்பும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பாதி வலை காணாம போயிடும்.

மிச்சத்துக்கு ஃபோரியர்னு ஒரு முறை, திரும்பத் திரும்ப வர்ற டிசைனை படத்துல இருந்து தனியா பிரிச்சுக் காட்டும். பேரைக் கேட்டு ஓடாதீங்க, கணக்கு எதுவும் போட வேண்டாம். இமேஜ்ஜேன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், அமெரிக்க அரசோட என்ஐஎச் ஆராய்ச்சி நிறுவனத்துல உருவானது, மைக்ராஸ்கோப் படம் பாக்குறவங்க பயன்படுத்துறது. அதுல இமேஜ், கலர், ஸ்ப்ளிட் சேனல்ஸ் குடுத்து படத்தைப் பிரிச்சுக்கோங்க, ஒவ்வொரு சேனலுக்கும் பிராசஸ், எஃப்எஃப்டின்னு குடுத்தா ஒரு வினோதமான படம் வரும், நடுவுல பளிச்னு ஒரு மையம், அதை சுத்தி மங்கலா புகை, அந்தப் புகைக்கு நடுவுல தனித்தனியா நட்சத்திரம் மாதிரி புள்ளிங்க. ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப வர்ற டிசைன் எதுவா இருந்தாலும் இங்க புள்ளியா குவிஞ்சிடும், மூஞ்சி, சேலை எல்லாம் புகையா பரவி நிக்கும். அந்தப் புள்ளிங்களை மட்டும் கருப்பு பிரஷ்ஷால அடைங்க, மையத்தை தொடவே தொடாதீங்க, படத்தோட வெளிச்சமே அங்கதான் இருக்கு. அப்புறம் இன்வர்ஸ் எஃப்எஃப்டி. வலை போன படம் வரும். மூணு சேனலையும் பண்ணி திரும்ப மெர்ஜ் பண்ணிக்கோங்க, கருப்பு வெள்ளைன்னா ஒரு தடவை போதும். முதல் தடவை பாக்குறப்போ மேஜிக் மாதிரிதான் இருக்கும், எனக்கு இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு.

பேப்பர்ல, வார இதழ்ல வந்த போட்டோ ஸ்கேன்ல புள்ளி புள்ளியா வருதுன்னா ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல இந்தப் புள்ளியை எடுக்குற டிஸ்க்ரீன் ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா 600 டிபிஐல எடுத்து, புள்ளி கரையுற அளவுக்கு லேசா ப்ளர் பண்ணி, பாதி சைஸுக்கு சுருக்கிடுங்க. கண்ணாடி ஃப்ரேமைக் கழட்ட முடியலையா, கூகுளோட போட்டோஸ்கேன் ஆப்ல எடுங்க, அது வேற வேற இடத்துல இருந்து அஞ்சு ஷாட் எடுத்து லைட் அடிக்கிற இடத்தை ஒண்ணுல இருந்து ஒண்ணு நிரப்பிக்கும்.

இனி படம் நிஜமாவே போன இடம், கீறல், பூஞ்சை, கிழிசல். இங்கதான் ஹீல், க்ளோன் ரெண்டும், க்ளோன் நல்ல இடத்தை அப்படியே காப்பி பண்ணும், ஹீல் அதை சுத்தியிருக்குற நிறத்தோட கலந்துவிடும். எப்பவும் புது காலி லேயர் போட்டு, சாம்பிள் மெர்ஜ்டு டிக் பண்ணி அந்த லேயர்லதான் தேய்க்கணும், தப்பானா அழிச்சுக்கலாம். கிம்ப்ல எச் அழுத்தினா ஹீல், கன்ட்ரோல் பிடிச்சு நல்ல இடத்துல ஒரு கிளிக், அப்புறம் கெட்ட இடத்துல சின்ன சின்ன தொடுதல். கன்னத்துக்கு கன்னத்துல இருந்து எடுங்க, நெத்தியில இருந்து எடுக்காதீங்க, வெளிச்சம் வேற. புருவம், உதடு, சேலை பார்டர் மாதிரி விளிம்பு வர்ற இடத்துல ஹீல் கலங்கி வழியும், அங்க க்ளோன். பெரிய இடத்துக்கு ரீசின்தசைசர்னு ப்ளகின் போடுங்க, ஹீல் செலக்‌ஷன்னு வரும், போட்டோஷாப்ல 2010ல சிஎஸ்5ல வந்த கன்டென்ட் அவேர் ஃபில் மாதிரிதான். செலக்ட் பண்ணும்போது கறையை விட மூணு நாலு பிக்சல் பெருசா பண்ணுங்க, மேல சொன்ன ஜேபெக் அழுக்குக்காக. முடிச்சதும் அந்த இடம் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழன்னு இருக்கும், ஃபில்டர்ஸ்ல நாய்ஸ் லேசா தூவுங்க, பழைய ஃபிலிம் துகளோட கலந்துடும்.

ஏஐ டூலும் இருக்கு. கூகுள் போட்டோஸ்ல மேஜிக் எரேசர் 2021ல கூகுளோட பிக்சல் 6 போன் கூட வந்தது, 2024ல எல்லாருக்கும் திறந்துட்டாங்க, பின்னாடி நிக்கிற ஆளு, கரண்ட் ஒயர், குப்பைத்தொட்டிக்கு அது அருமை. கம்ப்யூட்டர்லயே ஓடணும், போட்டோ வெளிய போகக்கூடாதுன்னா ஐஓபெயின்ட்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டு அதுல லாமான்னு இருக்குற ஏஐ மாடலை வெச்சுப் பாருங்க. மூஞ்சிக்கு மட்டும் வேண்டாம்ங்கறது என் கருத்து, அழகாத்தான் வரும், ஆனா யாரோ ஒருத்தரா வரும், ரெண்டு தலைமுறை கழிச்சு அதுதான் தாத்தான்னு ஆயிடும்.

சரி, நிஜ வாட்டர்மார்க். நீங்களே உங்க கடை லோகோவைப் போட்டு, ஒரிஜினல் தொலைஞ்சு போய், லோகோ ஃபைல் மட்டும் கையில இருக்கா, அப்ப தேய்க்கவே வேண்டாம், கணக்குப்படி எடுக்கலாம். பிக்சல் வெளிச்சம் 0ன்னா கருப்பு, 255ன்னா வெள்ளை. வெள்ளை லோகோ 40 சதவீதம் ஒபாசிட்டின்னு வைங்க, 100 இருந்த பிக்சல் 0.6 பெருக்கல் 100, கூட்டல் 0.4 பெருக்கல் 255, மொத்தம் 162 ஆயிருக்கும். திருப்பிப் போறதுக்கு, லோகோ வடிவத்துல 102 சாம்பல் நிறம் போட்டு ஒரு லேயர், அதை பிக்சல் பிசகாம பொருத்தி, கிம்ப்ல லேயர் மோட் லிஸ்ட்ல லெகசி குரூப்ல இருக்குற சப்ட்ராக்ட் (கழிக்கிற) மோட் வைங்க, 60 கிடைக்கும். மெர்ஜ் பண்ணிட்டு லோகோ வடிவத்தை மட்டும் செலக்ட் பண்ணி லெவல்ஸ்ல இன்புட்டோட மேல் அளவை 255ல இருந்து 153க்கு இழுங்க, பழையபடி 100. ஓரத்துல மெலிசா ஒரு கோடு நிக்கும், ஹீல் பண்ணுங்க.

அடுத்தவங்க வாட்டர்மார்க்கை எடுக்க வழி சொல்லப்போறதில்ல. காப்பிரைட் சட்டத்துல 2012 திருத்தத்துல 65பின்னு ஒரு பிரிவு சேத்தாங்க, உரிமையாளர் யாருன்னு காட்டுற தகவலை அனுமதி இல்லாம தெரிஞ்சே எடுத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே அபராதம். கல்யாண ஆல்பம் ப்ரூஃப்ல ஸ்டூடியோ பேரு குறுக்க ஓடுதுன்னா பேலன்ஸ் காசைக் குடுங்க, க்ளீன் ஃபைல் தானா வரும். காசு முழுசா குடுத்தும் தரலைன்னா அது வேற, காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர்னு அதே சட்டத்துல 17வது பிரிவு சொல்லுது, அதைக் காட்டிக் கேளுங்க. போட்டோகிராஃபர் யாராவது இதைப் படிச்சா உங்களுக்கு ஒண்ணு: எல்லா படத்துலயும் ஒரே லோகோவை அப்படியே போட்டா அது பலவீனம், 2017ல கூகுள் ஆளுங்க அப்படிப்பட்ட படங்களை கூட்டமா குடுத்து கம்ப்யூட்டரே லோகோவைக் கண்டுபிடிச்சு உரிக்கிறதைக் காட்டினாங்க, ஒவ்வொரு படத்துலயும் லோகோவை லேசா வளைச்சு நெளிச்சுப் போட்டா சுத்தமா உரிக்க முடியலன்னும் அவங்களே சொன்னாங்க.

போன் கேமரா தானா கீழ போடுற கம்பெனி பேரு செட்டிங்ஸ்ல வாட்டர்மார்க்னு இருக்கும், ஆஃப் பண்ணா போச்சு, ஏற்கனவே எடுத்ததுக்கு சில போன்ல கேலரி எடிட்லயே எடுக்குற வசதியும் உண்டு.

சேவ் பண்ணும்போது லேயரோட எக்ஸ்சிஎஃப் (கிம்ப்போட சொந்த ஃபைல்) ஒண்ணு, பிரிண்டுக்கு பிஎன்ஜி ஒண்ணு, குடும்ப குரூப்புக்கு ஜேபெக் ஒண்ணு. ஸ்கேன் பண்ண ஒரிஜினல் ஃபைலை தனி ஃபோல்டர்ல அப்படியே விடுங்க, அதுல எதையும் திருத்தாதீங்க.