91-ஆ, 95-ஆ, 100-ஆ? பங்க்ல முழிக்காம பெட்ரோல் போடுறது எப்படி

"பவர் ஹாக்லா சார்?" (கன்னடத்துல "பவர் போடட்டுமா சார்?" பவர்ங்கிறது விலை கூடின பிரீமியம் பெட்ரோல்.)

பெங்களூர் கம்மனஹள்ளி பக்கம் நான் போடுற பங்க்ல வாராவாரம் இந்தக் கேள்வி வரும், நானும் ஏதோ கௌரவப் பிரச்சனை மாதிரி "ஹாகி ஹாகி"ன்னு தலையாட்டிடுவேன். எந்த வண்டிக்கு? என்னோட 125 சிசி ஸ்கூட்டருக்கு. வாரம் 5 லிட்டர், லிட்டருக்கு ஏழெட்டு ரூபா கூட, ரெண்டு வருஷம்னா கிட்டத்தட்ட 4,000 ரூபா போச்சு. அதே ரெண்டு வருஷமும் வீட்ல நிக்கிற டர்போ பெட்ரோல் காருக்கு சாதா பெட்ரோல்தான், ஏன்னா அதோட டேங்க் பெருசு, காசு ஜாஸ்தி ஆகும்ல! கழுதைக்கு பாதாம் அல்வா, குதிரைக்கு வைக்கோல்னு குடும்பம் நடத்திட்டு இருந்திருக்கேன். இந்தக் கூத்து எப்படித் தெரிய வந்துச்சு, அப்புறம் எப்படிச் சரி பண்ணேன்னு வரிசையா சொல்றேன்.

முன்னாடியே ஒண்ணு. 91, 95னு சொல்ற ஆக்டேன் நம்பர்ங்கிறது பெட்ரோலோட பவர் கிடையாது. சிலிண்டருக்குள்ள பெட்ரோலும் காத்தும் அழுந்தும்போது, ஸ்பார்க்கோட சொல் பேச்சை மீறி தானா வெடிச்சுடாம எவ்வளவு தூரம் தாக்குப் பிடிக்குதுங்கிறதுதான் அந்த நம்பர். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0ன்னு வச்சு அளக்குறாங்க. அவ்வளவுதான் கெமிஸ்ட்ரி, பயப்படாதீங்க.

ஸ்டெப் 1: பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்க

சிரிக்காதீங்க, நான் ரெண்டு வருஷமா பாக்கல. டேங்க் மூடிக்கு வெளியில இருக்குற அந்த ஃப்ளாப்போட உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லன்னா ஓனர்ஸ் மேனுவல்ல "எரிபொருள்" பக்கத்துல இருக்கும். "ஆர்.ஓ.என். 91" அல்லது "ஆர்.ஓ.என். 95"ன்னு போட்டிருக்கும் (ஆர்.ஓ.என்.ங்கிறது ஆக்டேனை அளக்குற ஒரு முறை, அடுத்த ஸ்டெப்ல சொல்றேன்). அந்த நம்பரை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. யூடியூப், வாட்ஸ்அப் குரூப், பக்கத்து வீட்டு அங்கிள், இவங்க யாரையும் கேக்காதீங்க. முக்கியமா அந்த அங்கிளை.

ஸ்டெப் 2: அது எந்த ஊர் நம்பர்னு பாருங்க (நான் கவுந்த இடம்)

என் கார் செகண்ட் ஹேண்ட், ஜெர்மன் கம்பெனி செடான். வாங்கும்போது மேனுவல் இல்ல. சரின்னு நெட்ல தேடி ஒரு பிடிஎஃப் இறக்கினேன். அதுல பிரீமியம் 91 போடச் சொல்லி இருந்துச்சு. நம்ம ஊர் சாதா பெட்ரோலே 91தானே, அட, தப்பிச்சோம்னு மூடி வச்சுட்டேன். அந்த பிடிஎஃப் அமெரிக்கக் காருக்கானதுன்னு எனக்கு உறைக்கவே இல்ல. மைல், கேலன்னு பக்கத்துக்குப் பக்கம் இருந்தும்!

விஷயம் என்னன்னா ஆக்டேனை அளக்க ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு ஆர்.ஓ.என்., இன்ஜினை மெதுவா, ஈஸியான நிலைமையில ஓட்டி அளக்குறது. இன்னொண்ணு எம்.ஓ.என்., அதே இன்ஜினைக் கொஞ்சம் வேகமா, சூடா வச்சு அளக்குறது, அதனால இதுல நம்பர் குறைஞ்சுதான் வரும். நம்ம ஊர்லயும் ஐரோப்பாவுலயும் முதல் நம்பரைத்தான் சொல்றாங்க. அமெரிக்காவுல ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து பம்ப்ல ஒட்டுறாங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. இ20 வர்றதுக்கு முன்னாடி (அது கீழ அப்டேட் 2ல), நம்ம நாட்டு புகை விதியான பிஎஸ்-6 தரப்படி சாதா பெட்ரோலுக்கு ஆர்.ஓ.என். குறைஞ்சது 91, எம்.ஓ.என். குறைஞ்சது 81. கூட்டினா 172, பாதி 86. அதாவது நம்ம 91ங்கிறது அமெரிக்கக் கணக்குல வெறும் 86. அதே மாதிரி நம்ம 95க்கு எம்.ஓ.என். 85, கூட்டி வகுத்தா 90. என் கார் கேட்டது அவங்க கணக்குல 91, நான் ஊத்துனது 86. அஞ்சு பாயின்ட் கம்மி!

நியூஜெர்சியில இருக்குற என் சித்தி பையன் "நாங்க 87தான்டா போடுறோம், இந்தியாவுல 91ஆ, பரவால்லயே"ன்னு ஒரு தடவை பெருமையா சொன்னான். நானும் நம்பி ரெண்டு பேர்கிட்ட பரப்பி விட்டேன். அவன் 87ம் நம்ம 91ம் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான் மக்களே.

அதனால மேனுவல் நெட்ல எடுத்தா இந்திய எடிஷனா பாருங்க. சந்தேகமா இருந்தா அமெரிக்க நம்பரோட 4 இல்ல 5 கூட்டிக்கோங்க, நம்ம ஊர் நம்பர் வந்துடும்.

ஸ்டெப் 3: "குறைஞ்சபட்சம்"ஆ, "பரிந்துரை"யா

ரெண்டும் வேற. குறைஞ்சபட்சம் 91ன்னு இருந்தா 91 போதும், மேல போட்டா இன்ஜினுக்கு அதை வச்சு என்ன பண்றதுன்னே தெரியாது, என் ஸ்கூட்டர் கதைதான். 95 பரிந்துரை, 91 போட்டாலும் ஓடும்னு இருந்தா, 91ல வண்டி ஓடும் ஆனா சொன்ன பவரும் மைலேஜும் முழுசா வராது. குறைஞ்சபட்சமே 95ன்னா பேச்சே இல்ல, 95 போடுங்க. கம்ப்ரஷன் ரேஷியோவை (சிலிண்டர் எத்தனை மடங்கு அழுத்துதுங்கிற கணக்கு) வச்சு நாமளே முடிவு பண்ணலாம்னு சில பேர் டேபிள் எல்லாம் போடுறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. டர்போ இருந்தா அந்தக் கணக்கே மாறிடும்.

ஸ்டெப் 4: பம்ப்ல பேரைப் பாக்காதீங்க, நம்பரைப் பாருங்க

பவர், ஸ்பீடு, எக்ஸ்ட்ரான்னு பேர்ல எல்லாம் ராக்கெட் விடுவாங்க. முன்னாடி இந்தியன் ஆயில்ல எக்ஸ்ட்ரா பிரீமியம்னு ஒண்ணு வந்துச்சு, அது 91 ஆக்டேன்தான், கூட க்ளீனிங் அடிட்டிவ் கலந்தது. விலை கூடன்னா ஆக்டேனும் கூடன்னு நெனச்சவங்க ஏமாந்தாங்க. இப்ப எக்ஸ்பி95, பவர்95ன்னு பேர்லயே நம்பர் வந்துட்டதால கொஞ்சம் நிம்மதி. நம்பர் இல்லாத பேரா இருந்தா "எஷ்டு ஆக்டேன்?"னு, அதாவது எத்தனை ஆக்டேன்னு கேளுங்க. பையனுக்குத் தெரியலன்னா மேனேஜர் வருவார்.

100 ஆக்டேனும் இருக்கு, இந்தியன் ஆயிலோட எக்ஸ்பி100 2020 டிசம்பர்ல வந்தப்போ டெல்லியில லிட்டர் 160 ரூபா. மேனுவல்ல 98 அந்த மாதிரி கேக்குற சூப்பர் பைக், ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருந்தா போடுங்க. அப்படி வச்சிருந்தா இந்த போஸ்ட்டை நீங்க ஏன் படிக்கிறீங்க?

ஸ்டெப் 5: காதைத் தீட்டுங்க

இங்கதான் என் மேலுமலை கதை. 2022 மே மாசம், திருப்பத்தூர்ல மாமியார் வீட்டுல இருந்து பெங்களூர் திரும்புறோம். அஞ்சு பேர், டிக்கி நிறைய அரிசி, மாங்கா, முறுக்கு டின். மதியம் ரெண்டு மணி வெயில், ஏசி ஃபுல். கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏத்தத்துல அஞ்சாவது கியர்லயே மிதிக்கிறேன், கர கரன்னு ஒரு சத்தம், உண்டியல்ல சில்லறையைக் குலுக்குற மாதிரி. "என்னங்க, டிக்கில முறுக்கு டின் ஆடுது"ன்னா வீட்டம்மா. ஓரங்கட்டி, டின்னைச் சுத்தி துண்டு எல்லாம் திணிச்சு வச்சுட்டு கிளம்பினோம். மறுபடி அதே சத்தம். ரெண்டு மூணு செகண்ட் கேக்கும், அப்புறம் நின்னுடும், ஆனா நின்ன உடனே வண்டி மாவு மூட்டை இழுக்குற மாதிரி மந்தமாயிடும்.

அதுதான் நாக்கிங், ஆக்டேன் பத்தாம பெட்ரோல் தானா வெடிக்கிற சத்தம். புது வண்டிகள்ல நாக் சென்சார்னு ஒண்ணு இருக்கும், அது இந்த அடியைக் கேட்டதும் ஸ்பார்க்கைக் கொஞ்சம் லேட் பண்ணச் சொல்லிடும். சத்தம் அடங்கும், இழுவையும் சேர்ந்து அடங்கும். சென்சார் இல்லாத பழைய பைக்ல அடி நிக்காது, அடிச்சுட்டே ஓட்டினா பிஸ்டன் காலி.

மறுநாள் அல்சூர்ல நம்ம மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். பானெட்டையே திறக்கல மனுஷன். "என்ன பெட்ரோல் ஊத்துற தம்பி?"ன்னு கேட்டுட்டு, ஃப்ளாப்பைத் திறந்து வேஸ்ட் துணியால அந்த அழுக்கைத் துடைச்சாரு. உள்ள பளிச்சுனு 95. காசு கூட வாங்கல, அதான் இன்னும் அவமானமா போச்சு.

சரி, ரெண்டு வருஷமா ஊருக்குள்ள ஏன் கேக்கல? பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல. காத்து லேசு, வெயிலும் கம்மி, அதனால இன்ஜினோட ஆக்டேன் தேவையும் கொஞ்சம் குறையும். போதாததுக்கு சில்க் போர்டு டிராஃபிக்ல எங்க மிதிக்கிறது? கிருஷ்ணகிரி பக்கம் இறங்கினதும் உயரம் பாதியாகுது, சூடு ஏறுது, மேல லோடு, ஏத்தம். அதனால ஊருக்குள்ள சத்தம் இல்லங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரு தடவை ஆம்பூர், வேலூர் பக்கம் லோடோட போய்ப் பாருங்க.

இதுல என் தப்பும் பாதி. ஏத்தத்துல அஞ்சாவது கியர்ல திணற விட்டா எந்த வண்டியும் அடிக்கும். சத்தம் கேட்டா முதல்ல ஒரு கியர் இறக்குங்க. அப்பவும் நிக்கலன்னாதான் பெட்ரோலைச் சந்தேகப்படணும். சரியான ஆக்டேன் போட்டும் அடிக்குதுன்னா கார்பன் படிஞ்சிருக்கலாம், இல்ல தப்பான ஸ்பார்க் ப்ளக் மாட்டியிருக்கலாம்.

ஸ்டெப் 6: மூணு டேங்க் கணக்கு

டேங்க்கை ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் நிரப்புங்க, டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க, அடுத்த தடவை அதே பங்க்ல மறுபடி ஆட்டோ கட் வரைக்கும். ஓடின கிலோமீட்டரை ஊத்தின லிட்டரால வகுங்க. மூணு டேங்க் 91, மூணு டேங்க் 95. டேஷ்போர்டு காட்டுற மைலேஜை நம்பாதீங்க, என் வண்டியில அது எப்பவும் ஒரு கிலோமீட்டர் கூடத்தான் அளக்கும். ஆப் எல்லாம் வேண்டாம், க்ளவ் பாக்ஸ்ல ஒரு குயர் நோட்டும் பேனாவும் போதும். வசதி இருந்தா ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டர் சொல்றதை போன்ல காட்டுற கருவி) வாங்கி இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் எப்ப அடிக்குதுன்னு பாக்கலாம், விலை குறைஞ்சதே இதுக்குப் போதும்.

எனக்கு கார்ல வித்தியாசம் தெரிஞ்சுது, ஏத்தத்துல நல்லாவே. ஸ்கூட்டர்ல ஒரு சொட்டு வித்தியாசம் இல்ல.

அப்டேட் 1: "ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்கலாமா"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. நான் வாங்க மாட்டேன். 20 பாயின்ட் ஏறும்னு பாட்டில்ல போட்டிருந்தா 91 போய் 111 ஆகாது சாமி, பெரும்பாலும் அவங்க சொல்ற ஒரு பாயின்ட் 0.1தான், 91 போய் 93 ஆகும். அதுக்கு பாதி டேங்க் 91, பாதி டேங்க் 95 போட்டாலே ஏறக்குறைய 93 வந்துடும். ஆமா, கலக்கலாம், ஒண்ணும் ஆகாது.

அப்டேட் 2, இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பத்தி: இது தனி போஸ்ட் போடுற அளவுக்குக் கேள்வி வந்திருக்கு. இ20யை 2023 பிப்ரவரி 6 அன்னிக்கு நம்ம பெங்களூர்லதான், இந்தியா எனர்ஜி வீக் விழாவுல பிரதமர் தொடங்கி வச்சார். எத்தனாலுக்கு ஆக்டேன் ஜாஸ்தி, 108 கிட்ட. 20 சதவீதம் கலந்ததால சாதா பெட்ரோலோட ஆர்.ஓ.என். 95 ஆயிடுச்சுன்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு. அப்ப பிரீமியம் எதுக்குன்னு கேட்டா, நியாயமான கேள்வி. 91 கேக்குற வண்டிக்கு இனிமே சுத்தமா தேவை இல்ல. 95 கேக்குற என் காருக்கு, பம்ப்ல 95ன்னு எழுதியிருக்குறதைத்தான் இன்னும் போடுறேன், மேலுமலையில முறுக்கு டின் மறுபடி ஆடக் கூடாது பாருங்க.

ஆனா ஆக்டேன் வேற, எத்தனால் வேற, குழப்பிக்காதீங்க. எத்தனால்ல பெட்ரோலை விட எனர்ஜி மூணுல ஒரு பங்கு கம்மி, அதான் மைலேஜ் இறங்குது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10க்கு ட்யூன் பண்ண கார்ல 6-7 சதவீதம், அதே மாதிரி டூவீலர்ல 3-4 சதவீதம் குறையலாம்னு நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கு. 95ன்னு போட்ட பிரீமியம்லயும் எத்தனால் இருக்கும், "பிரீமியம்னா சுத்தமான பெட்ரோல்"னு நெனச்சு போடாதீங்க. ஃப்ளாப்ல இ20 ஸ்டிக்கர் இருக்கான்னு அதையும் ஸ்டெப் 1லயே பாத்துடுங்க.

அப்டேட் 3: டென்சிட்டி பாத்து ஆக்டேன் கண்டுபிடிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். முடியாது. பங்க்ல டென்சிட்டி கேக்குறதும், ஃபில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு கறை இல்லாம காயுதான்னு பாக்குறதும் கலப்படம் இருக்கான்னு பாக்கத்தான். தாராளமா கேளுங்க, அது நம்ம உரிமை.

அப்டேட் 4: அப்பாவோட பழைய ஆர்எக்ஸ் 100க்கு 100 ஆக்டேன் போட்டா பொருத்தமா இருக்குமான்னு ஒரு தம்பி கேட்டான். பேர்ல 100 இருக்குங்கிறதுக்காக வேண்டாம்டா, அது கம்ப்ரஷன் கம்மியான டூ ஸ்ட்ரோக், 91லயே சந்தோஷமா ஓடும். அதுக்கு ஆக்டேனை விட எத்தனால்தான் கவலை. எத்தனால் தண்ணியை இழுக்கும், பழைய ரப்பர் டியூபை ஊற வைக்கும். மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பேன்னா பெட்ரோல் காக்கை மூடிட்டு, கார்புரேட்டர்ல மிச்சம் இருக்குறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்து. டியூப் பிசுபிசுன்னு இருந்தா ஜேசி ரோடுல புதுசு கிடைக்கும், எத்தனால் தாங்குறதான்னு கேட்டு வாங்கு.