வாடும் கிளைக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்: புல்லுருவி, சுடுமல்லி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமரத்தில் ஒரு கிளை மட்டும் நுனியிலிருந்து காய்ந்து வந்தால், அதற்குக் கூடுதலாகத் தண்ணீர் விடுவதே கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அந்தக் கிளையின் நடுவில், மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவிச் செடி மட்டும் வாடாமல் தழைத்து நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகுதான் மடையைத் திறக்க வேண்டும்.

புல்லுருவி கொசுவைப் போல உறிஞ்சுகிறது என்று எண்ணுவதுதான் அடிப்படைத் தவறு. பழத்தைத் தின்ற சிறு பறவை, பசை மிகுந்த விதையைக் கிளையில் ஒட்டிவிட்டுப் போகிறது. விதை முளைத்து, அதன் உறிஞ்சுவேர் பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க்குழாய்களோடு இணைகிறது. அதன் பிறகு நீரை இழுப்பது புல்லுருவியின் இலைகள்தான். கடும் வெயிலில் மாவிலை தன் இலைத்துளைகளைச் சுருக்கி நீரைக் காத்துக்கொள்ளும்போது, புல்லுருவி அந்த அளவுக்குச் சுருக்குவதில்லை. ஆவியாகும் நீரை ஈடுகட்ட, கிளையிலிருந்து நீரும் அதில் கரைந்த உப்புகளும் அதன் பக்கமே போகின்றன. எனவே, பச்சை இலையால் தானே உணவு தயாரிக்கும் செடிதானே என்று விட்டுவைப்பதும் சரியல்ல. அந்த இலைப்பரப்பு பெருகப் பெருக மரத்தின் இழப்பும் பெருகும்.

கழியால் தட்டி ஒடித்துவிட்டால் போதும் என்ற நினைப்பு வேண்டாம். கிளைக்குள் புதைந்த பகுதி மீண்டும் துளிர்க்கும் என்பதால், அறுவடைக்குப் பிந்தைய கவாத்தின்போது, ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு சேர்த்து வெட்டுவதே நல்லது. அடிமரத்தில் ஒட்டியிருந்தால் துளிர்களைத் தொடர்ந்து நீக்கி, பழம் பழுக்க விடாமலாவது பார்த்துக்கொள்ளலாம். இரண்டின் குழாய்களும் இணைந்திருப்பதால், களைக்கொல்லி தெளிப்பது மரத்தையும் தாக்கக்கூடும்.

மானாவாரிச் சோளக் கொல்லையில், பயிரின் வேரில் ஒட்டி வாழும் சுடுமல்லி என்னும் களை இன்னும் கடினமான எதிரி. அது வேரைப் பற்றி, மண்ணுக்கு மேல் தலைகாட்டுவதற்குள்ளாகவே சில வாரங்கள் சோளத்தை நலிவித்திருக்கும். அதன் உடலில் சேரும் மானிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால் நீரைத் தன் பக்கம் இழுக்க உதவுகிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடுவதை வறட்சி என்று தவறாகக் கணிப்பது இதனால்தான். பூத்த பிறகு பிடுங்கி வரப்பில் போடுவது மிகப் பெரிய தவறு, ஏனெனில் ஒரே செடி ஆயிரக்கணக்கில் தூசி போன்ற விதைகளை உதிர்க்கும். அவை பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் எரித்துவிட வேண்டும்.

சோளத்துக்குப் பதில் கேழ்வரகு போட்டுப் பயிர் சுழற்சி செய்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. சுடுமல்லி கேழ்வரகையும் பற்றும். சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டும் ஸ்ட்ரைகால் என்னும் வேர்ச்சுரப்பு, 1966-இல் பருத்தி வேரிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் பருத்தி சுடுமல்லிக்கு இடம் கொடுப்பதில்லை. பருத்தியோ காராமணியோ நிற்கும் கொல்லையில் முளைக்கும் சுடுமல்லி, பற்ற வேர் கிடைக்காமல் சில நாட்களிலேயே மடிந்துபோகும்.